தர்மாம்பாளின் ரத்தம் சொல்லும் சாட்சி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, மாலையும் வாங்கிவந்து படத்துக்குப் போட்ட இராஜாங்கம் அவர்களே! தஞ்சாவூரிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர் எழில்மொழி அவர்களே! தர்மாம்பாளோடு ஒரே சேற்றில் நின்று நாற்று நட்ட பெண்களே! உங்கள் எல்லோருக்கும் எல்லையம்மாளின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் தர்மாம்பாளைத் தெய்வம் என்றார்கள். தியாகி என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்தேன். உயிரோடு இருந்தபோது இவர்களில் ஒருவராவது அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததுண்டா?

நானும் குடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடவுப் பெண்களுக்கு முப்பது வருஷமாகத் தலைவியாக முன்னால் நின்றவள் நான். "அவளுக்குத் தனிச் செம்பு வையுங்கடி" என்று சொன்ன வாய் இந்த வாய்தான்.

என்ன குற்றம் செய்தாள் அவள்? அறுவடை மிஷின் ஓட்டிய கோவிந்தராசுவைக் கட்டிக்கொண்டாள். ஐந்து வருஷம் குடித்தனம் நடத்தினாள். அபிநயா என்று ஒரு பெண் குழந்தை பெற்றாள். அதற்குப் பிறகுதான் அவனுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. கடைசிவரை அவனுக்குக் கஞ்சி ஊற்றி, உடம்பு துடைத்து, மலம் அள்ளியவள் அவள். தாய்க்கும் பிள்ளைக்கும் பரிசோதனை செய்தார்கள். இரண்டு பேருக்கும் இல்லை. ஒருமுறை அல்ல, ஆறுமுறை பார்த்தும் இல்லை!

வேறு ஊராக இருந்தால் கற்பூரம் ஏற்றியிருப்பார்கள். நம் ஊர் என்ன கேட்டது? "புருஷனுக்கு இருக்கு, இவளுக்கு எப்படி வராம போச்சு? சேந்து வாழ்ந்தாத்தானே வரும்? அப்படின்னா புள்ள யாரோடது?" டீக்கடையில் கேட்டார்கள். கோயில் வாசலில் கேட்டார்கள். பதினாலு வருஷம் கேட்டார்கள். நோய் வந்திருந்தால் ஒதுக்கியிருப்பீர்கள். வரவில்லை என்பதற்காக ஒழுக்கம் கெட்டவள் என்றீர்கள். அவள் எந்தப் பக்கம்தான் போவாள்?

பரிசோதனைத் தாள் பொய் என்று நினைத்து, அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் ஒருநாள் அவளோடு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். வீம்பு எனக்கு அவ்வளவு இருந்தது. ஆராய்ச்சிக்கு அவள் ரத்தம் கொடுத்திருந்த நேரம் அது. இதோ இருக்கும் டாக்டரம்மாதான் விளக்கினார். பொய் என்றால் அவரே எழுந்து சொல்லட்டும்.

"எச்.ஐ.வி. கிருமி ரத்தத்துல இருக்கற காவல் செல்லுக்குள்ள புகுந்துதாம்மா பெருகும். உலகத்துல ரொம்பச் சில பேருக்கு அது நுழையற கதவே பிறவியில சரியா அமையாது. வேற சில பேருக்கு, கிருமி குடியேறுறதுக்குள்ள இன்னொரு வகை செல்லுங்க அடையாளம் கண்டு அழிச்சிடும். இவங்க ரெண்டாவது வகைன்னுதான் தோணுது."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"கிருமியோட சின்னத் துண்டை இவங்க செல்லுங்ககிட்ட காட்டினோம். முன்னாடியே பாத்த எதிரியைப் பாத்த மாதிரி கிளம்பி வந்துச்சு. கிருமியையே சந்திக்காத உடம்புல அந்த ஞாபகம் பெரும்பாலும் இருக்காதும்மா."

நான் ஐந்தாம் வகுப்புத்தான். ஆனாலும் எனக்குப் புரிந்தது. அவன் உடம்பில் இருந்த கிருமி இவள் உடம்புக்கு வந்திருக்கிறது. வந்து, தோற்றுப் போயிருக்கிறது. சேர்ந்து வாழவில்லை என்றீர்களே, சேர்ந்து வாழ்ந்த தடத்தை அவள் ரத்தம் வைத்திருக்கிறது! இதைவிட என்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. அவளோ சிரித்தாள். "என்னக்கா, உம்முனு வர்ற? என் ரத்தத்துக்கு இருக்கற புத்தி நம்ம ஊருக்கு இல்லாமப் போச்சே!"

"ஊர்ல சொல்லிடுறேன்டி தர்மா. இன்னைக்கே சொல்லிடுறேன்."

"வேண்டாங்க்கா. உசுரோட இருக்கறப்ப சொன்னா, மானத்துக்குக் கெஞ்சுறேம்பாங்க. நான் போனப்புறம் மைக்கு போட்டுச் சொல்லு. எனக்காக இல்ல, அபிநயாவுக்காக."

சொல்லிவிட்டேன் தர்மா! மைக் போட்டுச் சொல்லிவிட்டேன்!

இளவட்டங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் காவல் யாருக்கு இருக்கிறது என்று நெற்றியில் எழுதியிருக்காது. நமக்கும் இருக்கும் என்று நினைத்துத் திரிந்தால் அழிந்துபோவீர்கள். ஆணுறை இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது. நோய் வந்துவிட்டால் ஆயுசைக் காக்க மாத்திரை இருக்கிறது. அந்த மாத்திரையை வாங்க வெட்கப்பட்டு வீட்டில் முடங்கியிருந்த பதினேழு பேரை, மாதாமாதம் கையைப் பிடித்து பஸ் ஏற்றிக் கூட்டிப்போனவள் தர்மாம்பாள். போன செவ்வாய்க்கிழமை அந்த பஸ்ஸிலேயேதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். அவள் மடியில் அடுத்தவருடைய மருத்துவச் சீட்டு இருந்தது.

இப்போது இந்த பிளெக்ஸைத் திரும்பிப் பாருங்கள். நல்ல பெரிய படம். கீழே துயரத்தில் வாடுவோர் பெயர்கள். இரா. மதிவாணன். இரா. இளம்பரிதி. அவள் புருஷனோடு பிறந்த இராஜாங்கத்தின் பிள்ளைகளுக்கெல்லாம் இனிஷியல் இருக்கிறது. மூன்றாவது பெயர், வெறும் அபிநயா. பெற்ற மகளுக்கு இனிஷியல் இல்லை! கடைக்காரர் விட்டுவிட்டார் என்கிறார்கள். என் பேத்தி பூமிகா கடைக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். எழுதிக் கொடுத்த தாளிலேயே இல்லையாம்.

இராஜாங்கம் அவர்களே, அந்தத் தாளை எழுதிய கை உங்கள் கை. தர்மாம்பாள் உங்களிடம் வயலில் பங்கு கேட்டாளா? மகளுக்கு அப்பன் பெயரை மட்டும்தானே கேட்டாள்? இறந்தவளைத் தெய்வம் என்று பேசிவிட்டு, அவள் படத்துக்குக் கீழேயே அந்தப் பழைய பழியை அச்சடித்து மாட்டியிருக்கிறீர்களே, இதற்குப் பெயரா இரங்கல்?

அபிநயா, தலையைக் குனியாதே. குனிய வேண்டியவர்கள் மேடையில் இருக்கிறோம்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில், தர்மாம்பாள் உட்கார்ந்த சீட்டில் நான் உட்காருவேன். அன்றைக்கு மாத்திரை வாங்காமலே திரும்பிய அந்தப் பதினேழு பேரும் என்னோடு வருவார்கள். அவர்களோடு ஒரே செம்பில் தண்ணீர் குடிப்பேன். பார்க்க வேண்டியவர்கள் பஸ் நிறுத்தத்துக்கு வந்து பாருங்கள்.

அதற்கு முன்னால் இன்றைக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இதோ, பூமிகா மார்க்கர் பேனா கொண்டுவந்திருக்கிறாள். தம்பி இராஜாங்கம், எழுந்து வாங்க. உங்கள் கூடப்பிறந்தவன் கோவிந்தராசு. அவன் பெயரின் முதல் எழுத்தை அவன் மகள் பெயருக்கு முன்னால் உங்கள் கையாலேயே எழுதுங்க. நீங்கள் எழுதாமல் இந்த மைக்கை விட்டு நான் இறங்கமாட்டேன். நாள் முழுக்கச் சேற்றில் நின்று பழகிய கால்கள் இவை. எனக்கு எந்த அவசரமும் இல்லை.