வெடித்த காருக்கு ஓர் ஓட்டை

கிண்ணியாவுக்குப் போகும் பாதைப்படகுக்காக வரிசையில் நின்றோம். வரிசை ஒரு கராச்சின் வாசல்வரை நீண்டிருந்தது. அங்கே நின்ற பழைய காரின் அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது.

“வெடிப்பு நிக்கவேணுமெண்டா, அதின்ர நுனியில ஒரு ஓட்டை போடவேணும், அண்ணன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற காரின் சொந்தக்காரருக்கும் விளங்கவில்லை போலும்.

“வெடிச்ச இரும்பில ஓட்டையோ? உமக்கென்ன விசரோ?”

“மண்ணெண்ணெய் பூசித் துடைச்சு, வெண்கட்டித் தூள் போட்டனான். எண்ணெய் ஊறிக் கோடு தெரியுது, குனிஞ்சு பாருங்கோ. நுனி கூரா இருக்கிறமட்டும் வெடிப்பு ஓடும். வட்ட ஓட்டையில போய் முட்டினா நிண்டுடும். பிறகு தகடு வைச்சு றிவெட் அடிக்கலாம்.”

“போன மாதம்தானே வெல்டிங் பிடிச்சது?”

“பிடிச்ச இடம் விறைச்சிட்டுது. இப்ப அதுக்குப் பக்கத்தில வெடிச்சிருக்கு. பள்ளத்தில விழுந்து எழும்ப எழும்பக் காரின்ர அடிச்சட்டம் வளைஞ்சு நிமிருதெல்லோ? ஒரு நாளில வந்த வெடிப்பில்ல இது.”

“நாளைக்கு மகளுக்குக் கலியாணம், தம்பி. பொம்பிளை கோயிலுக்கு இதிலதான் போகவேணும்.”

“நாளைக்குள்ள வேலை முடிக்க ஏலாது. ஆக்களை ஏத்தினா நடுறோட்டில ரெண்டாப் போயிடும்.”

“எங்களிட்டக் கார் இருக்கெண்டு மாப்பிள்ளை வீட்டில சொல்லிப்போட்டனே!”

“இருக்குத்தானே. வெறுங்காரை மெல்ல உருட்டிக்கொண்டுபோய்க் கோயில் வாசலில விடுங்கோ. பொம்பிளை பஸ்ஸில போகட்டும்.”

அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

“ஓடுற காரெண்டா முன்னுக்குப் பூக்கட்டுவம். நிக்கிற காருக்கு எங்க கட்டுறது, தம்பி?”