அணைத்து வைத்த மின்புலம்

இந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா? நெதர்லாந்தின் வடக்கே, காற்று ஓயாத க்ரோனிங்கனில் பிறந்தவளுக்குக் காற்று இல்லாமல் சரிப்படாது. என் கால் ஆடிக்கொண்டே இருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். பயமெல்லாம் இல்லை, எனக்கு ஒரு இடத்தில் உட்காரவே வராது. சாப்பாட்டு மேசையில் என்னை உட்காரவைக்க அம்மா படாதபாடு பட்டிருக்கிறாள்.

எங்கள் வேலை சொல்வதற்கு எளிது. ரத்தப் புற்றுநோய் உள்ளவரின் உடம்பிலிருந்து, புது ரத்தம் உண்டாக்கும் செல்களை எடுப்போம். அவற்றோடு நோய்ச் செல்களும் ஒளிந்து வரும். மயிரிழைக் கம்பிகள் பதித்த கண்ணாடித் தகட்டின் மேல் அந்தத் திரவத்தை ஓடவிட்டு மின்புலத்தைப் போட்டால், நல்லது ஒரு பக்கமும் கெட்டது மறுபக்கமும் தானாக ஒதுங்கும். கை படாது, ஊசி படாது. மருந்து கொடுத்து உடம்பிலுள்ள நோயை அழித்த பிறகு, நல்லதை மட்டும் திருப்பி ஏற்றுவார்கள். கம்பிகளைப் பதித்தவன் யோரிஸ். இயக்குவது நான்.

முதலில் வந்தவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. ஒரு கூட்டத்தில், அவர்களுக்கு மருந்து கொடுக்கும் டாக்டர் சீப்ரன் எல்லார் முன்னாலும், "ஃபெம்கே, உன் கண்ணாடித் துண்டு இல்லாட்டியும் அவங்க பொழைச்சிருப்பாங்கம்மா. எல்லாம் மருந்து செஞ்ச வேல," என்றார். சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அன்றோடு தூக்கம் போயிற்று.

யோசித்தால் அவர் சொன்னதும் நியாயம்தான். சிலருக்குச் சுத்தம் செய்யாமல் ஏற்றிப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்? மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டேன். ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்கள்.

ஆகவே, ஒருவர் விட்டு ஒருவருக்கு மின்புலத்தை அணைத்தேன். திரவம் அதுபாட்டுக்கு ஓடியது. நல்லதும் கெட்டதும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன. சுத்தமாகிவிட்டது என்று நானே கையெழுத்துப் போட்டேன். யாரையும் நான் பொறுக்கி எடுக்கவில்லை, அதைக் கவனியுங்கள். வரிசைதான் முடிவு செய்தது.

அந்த வரிசையில் யோரிஸின் மனைவி தீனெகே வந்தாள். அணைக்க வேண்டிய முறை.

"பாத்துப் பண்ணு ஃபெம்கே, என் உசுரே அதுலதான் ஓடுது," என்றான் யோரிஸ். "நின்னு பாக்க முடியல என்னால. வெளிய இருக்கேன்."

"போய்க் காபி குடிடா. நான் இருக்கேன்ல," என்றேன்.

என் கை பொத்தானுக்கும் மடிக்குமாக அலைந்தது உண்மைதான். ஆனால் சிநேகிதன் மனைவி என்று விட்டுக்கொடுத்தால் அப்புறம் அது என்ன அறிவியல்? அணைத்துவிட்டேன்.

அவள் வீடு திரும்பியதும் யோரிஸ் ஆப்பிள் கேக்கோடு வந்தான். எங்கள் ஊர் வழக்கப்படி நல்ல சேதி உள்ளவர்தானே கேக் கொண்டுவர வேண்டும். வரிசையாக அவனுக்குக் கைகொடுத்து வாழ்த்தினோம். "பெரிய துண்டு உனக்குத்தான். அவளே சொல்லி அனுப்பினா," என்றான். சாப்பிட்டேன். பட்டை கொஞ்சம் தூக்கல்.

இலை உதிரும் காலத்தில் நோய் திரும்பியது. பனி விழுவதற்கு முன்பே போய்விட்டாள். கல்லறையில் யோரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "நான் பதிச்ச கம்பியிலதான் எங்கயோ கோளாறு. நானே அவளக் கொன்னுட்டேன், ஃபெம்கே."

"ஏய், உன் மேல தப்பே இல்லடா," என்றேன். பொய் சொல்லவில்லையே. ஆனால் அவன் கேட்கிற நிலையில் இல்லை. வேலைக்கு வருவதை விட்டுவிட்டான். சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லையாம்.

நானாகவேதான் வந்து சொன்னேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அணைத்ததை மறைத்தால் இந்த ஒப்பீடு செல்லாது. மின்புலம் போட்ட அத்தனை பேரும் இன்று நடமாடுகிறார்கள். யாருக்கெல்லாம் அணைத்தேனோ அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. இனி சீப்ரன் வாயைத் திறக்க முடியாது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரியவில்லை. எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். யோரிஸிடம் வேறு யாரும் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம், நானே சொல்கிறேன். அவன் பதித்த கம்பிகளில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தால், பாவம், எவ்வளவு சந்தோஷப்படுவான்.