ஒரு முட்டை என்றால் எந்த முட்டை?

மாலையும் மரியாதையுமாக மேடையின் நடுவே வீற்றிருக்கும் மருத்துவமனை நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே! நோய் தீர்க்கும் மருத்துவப் பெருமக்களே! நின்ற காலில் நின்று சேவை செய்யும் செவிலியச் செல்வங்களே! கட்டிலை விட்டு எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளைக்கும் கட்டிய கணவனுக்கும் காவலிருந்து கண் சிவந்த தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த மருத்துவமனையின் உணவுக் கிடங்கைக் காக்கும் கடைநிலை ஊழியனின் வணக்கம்.

“கோழி முட்டையா, வாத்து முட்டையா, எது சிறந்தது?” என்று பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு வயிறு எரிகிறது.

தலைப்பை முதலில் முடித்துவிடுகிறேன். கோழி முட்டை ஏறக்குறைய ஐம்பது கிராம். வாத்து முட்டை எழுபது. கோழி முட்டையில் புரதம் ஆறு கிராம். வாத்து முட்டையில் ஒன்பது. வாத்து முட்டைக்கு மஞ்சள் கரு பெரிது. இரும்புச் சத்து கூடுதல், கொழுப்பும் கூடுதல். கொழுப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்தவருக்குக் கோழி முட்டை ஏற்றது. வாத்து ஈரத்திலும் சேற்றிலும் இடுவதால் அதன் முட்டையை நன்றாக வேகவைத்தே தீர வேண்டும். நூறு கிராமுக்கு நூறு கிராம் நிறுத்தால் புரதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கோழிக்கும் வாத்துக்கும் சண்டையே இல்லை! சண்டை மூட்டியது நாம்தான். கைதட்டாதீர்கள், ஐயா. பேச்சே இனிமேல்தான்.

ஒரு மாதத்துக்கு முன்பு வரை, உடம்பு தேறுகிறவர்கள் படுத்திருக்கும் கூடத்தில் நாற்பது கட்டிலுக்கும் காலையில் ஆளுக்கொரு வாத்து முட்டை. ஒருநாள் குழுவில் ஒருவர், வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பிடித்தார். உடனே குழுவின் ஒன்பது பேரும் மூக்கைப் பிடித்தார்கள். கோழி முட்டைக்கு மாறினோம். மாறட்டும்! ஆனால் சுவரில் ஒட்டிய உணவுத் தாளில் “ஆளுக்கு ஒரு முட்டை” என்று இருந்ததே, அதை யார் மாற்றினார்கள்? எழுபது ஐம்பதானது, யார் கேட்டார்கள்? ஒன்பது ஆறானது, யார் கேட்டார்கள்? இளைத்த உடம்புக்கு எழுதிய சத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதே, யார் கேட்டார்கள்?

ஒருவர் கேட்டார். நம் சமையல்காரம்மா. பதினான்கு வருடம் நமக்குப் பொங்கிப் போட்டவர். நான் வேண்டி அழைத்ததால் வந்து, அதோ, கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பாருங்கள், தப்பில்லை!

அவர் கேட்டது கூட்டம் போட்டு அல்ல, கரண்டியால் கேட்டார். இரண்டு பேருக்கு மூன்று முட்டை அடித்து, ஆவியில் வேகவைத்து, சரிபாதியாக வெட்டிப் பரிமாறினார். இரண்டு வாத்து முட்டையில் பதினெட்டு கிராம் புரதம். மூன்று கோழி முட்டையிலும் பதினெட்டு! என்ன கணக்கு பாருங்கள்! ஒன்பதாம் நாள் நான் கிடங்கில் முட்டைத் தட்டுகளை எண்ணினேன். தினமும் இருபது முட்டை கூடுதலாகப் போயிருந்தது. நேரே அடுப்படிக்குப் போனேன்.

“ஏம்மா, நாப்பது பேருக்கு அறுபது முட்டை எப்படிப் போகும்?”

“அண்ணே, இது சின்ன முட்டை. ரெண்டு பேருக்கு மூணு போட்டாத்தான் பழைய அளவு வரும். ஒரு தடவை நிறுத்துப் பாருங்களேன்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. தாள்ல ஒண்ணுன்னு இருக்கு.”

“தாளா அண்ணே சாப்பிடப் போகுது?”

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, ரோஷம் வந்தது. ஒரு சமையல்காரி எனக்குச் சொல்வதா என்று ரோஷம்! “நாளொன்றுக்கு இருபது முட்டை களவு” என்று புகார் எழுதினேன். களவு என்ற சொல் என் சொல். கையெழுத்து என் கையெழுத்து. குழு ஐந்து நிமிடத்தில் அவரை வேலையை விட்டு அனுப்பியது. வாசலில், போகிறவர் வருகிறவர் முன்னால், அவர் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒரு சீப்பு, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்றுச் சேலை. அவ்வளவுதான். அப்போதாவது யாருக்காவது உறைத்ததா?

பத்து நாள் கழித்து, ஏழாம் கட்டிலில் இருக்கும் கல் தச்சர் என்னைக் கூப்பிட்டார். “ஏன் தம்பி, கோழிக்கும் உடம்பு சரியில்லையா? முட்டை இளைச்சுப் போச்சே!” கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கிடங்குக்குப் போய் ஒரு முட்டையைத் தராசில் வைத்தேன். ஐம்பது. அந்தத் தராசு என் நாற்காலியிலிருந்து இரண்டே எட்டில் இருக்கிறது, தாய்மார்களே! இரண்டே எட்டு! நடக்காமல் உட்கார்ந்து ஒருவர் மானத்தை வாங்கினேன்.

மணி அடிக்கிறீர்களா, தலைவரே? அடியுங்கள். எது சிறந்தது என்று விழா எடுக்கத் தெரிந்த நமக்கு, எவ்வளவு கொடுக்கிறோம் என்று நிறுக்கத் தெரியவில்லையே! சத்தைக் குறைத்தவர்கள் மேடையில். சத்தைக் காத்தவர் தூணோரத்தில். இது நியாயமா? நோயாளியின் வாயிலிருந்து பிடுங்கியவருக்கு மாலை. நோயாளிக்கு ஊட்டியவருக்குத் திருட்டுப் பட்டம். இது அடுக்குமா?

என்ன? “விசாரிப்போம்” என்கிறீர்களா? அனுப்பும்போது விசாரித்தீர்களா?

என் புகார் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். இதோ கிடங்குச் சாவி. இரண்டையும் உங்கள் மேசையில் வைக்கிறேன். நாளைக் காலை அந்த அம்மா அடுப்பு மூட்டினால், இந்தச் சாவியை வாங்க நான் வருவேன். மூட்டாவிட்டால், சாவி உங்களிடமே இருக்கட்டும். வெளியே போக வேண்டியவன் முதலில் நான்.

அம்மா, பலர் அறியத் திருடி என்று எழுதினேன். பலர் அறியவே சொல்கிறேன்: நீங்கள் ஒரு முட்டை ஓட்டைக்கூட எடுத்துப்போகவில்லை. தப்பு செய்தவன் நான். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் இஷ்டம்.

சுடுசொல்லையும் பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி. பெரியோர்களுக்கு வணக்கம். தூணோரம் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாய்க்கு, தலை தாழ்ந்த வணக்கம்.