நான்காம் வகுப்பில் இல்லாத பிள்ளை

மலாக்கா போலீஸ் நிலையம், 10 அக்டோபர் 1957, வியாழக்கிழமை. சாட்சி தமிழில் சொல்லச் சொல்ல எழுதியது.

என் பெயர் கமலவேணி. தகப்பனார் பெயர் கருணாகரன். வயது இருபத்தொன்பது. செமாபோக்கில் என் தம்பி குடும்பத்தோடு வசிக்கிறேன். காஜா பெராங்கில் உள்ள தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று கார்ப்பரல் சொன்னார். கேட்காததையும் சொன்னால்தான் நடந்தது விளங்கும் என்று சொன்னேன். சரி, சொல்லுங்கள் என்றார்.

என் வகுப்புக்கு அடுத்த அறை நான்காம் வகுப்பு. நடுவில் பலகைத் தடுப்பு மட்டுமே இருப்பதால் அங்கே பேசுவது இங்கே கேட்கும். அதன் ஆசிரியர் திரு. ராஜரத்தினம். அவர் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. அதை அவருக்காக நானே சொல்லிவிடுகிறேன். என் வகுப்பு சந்தைக்கடை போல இருக்கும். அவர் வகுப்பில் மூச்சுச் சத்தம் கேட்காது. பெற்றோர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அவர் தண்டிக்கும் விதம் வேறு. தப்பு செய்த பிள்ளை வகுப்பிலேயே இல்லை என்று ஆக்கிவிடுவார். காலையில் பெயர் கூப்பிடும்போது அந்தப் பிள்ளை வாய் திறக்கக் கூடாது. மற்ற பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் "வரவில்லை, சார்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு அந்தப் பிள்ளையை யாரும் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து பசியாறக் கூடாது. அந்தப் பிள்ளையும் யாரிடமும் பேசக் கூடாது. சாருக்கு மனம் இரங்கி "வந்தாச்சு" என்று சொல்லும்வரை இப்படித்தான்.

அந்த வகுப்பு மல்லிகா செட்டிக் கம்பத்துப் பிள்ளை, தலைமுறைகளாக மலாக்காவிலேயே வாழும் செட்டி வம்சம். வீட்டில் பேசுவது மலாய்தான். பிள்ளையாவது தமிழ் படிக்கட்டும் என்று தகப்பனார் எங்கள் பள்ளியில் சேர்த்தார். மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்து பள்ளி திறந்த சமயத்தில் ஜெயா என்ற பிள்ளை "இல்லாமல்" இருந்தாள். மல்லிகா தன் குவே பலகாரத்தில் பாதியைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்திருக்கிறாள். அதன் பிறகு நடந்த பேச்சைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நானே கேட்டேன். யாருக்குக் கொடுத்தாய் என்று சார் கேட்டார். ஜெயாவுக்கு என்றாள். ஜெயாதான் வரவில்லையே என்றார்.

"இங்கதானே உக்காந்திருக்கா, சார்" என்றாள் மல்லிகா.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்த நிமிடமே ஜெயா "வந்தாச்சு". மல்லிகா இல்லாமல் போனாள். மறுநாள் காலை "வரவில்லை, சார்" என்று சொன்னதில் ஜெயாவின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். பயம் அப்படி.

அதன் பிறகு நான் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். பிரம்பெடுத்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எதற்கம்மா வீண் வம்பு என்றார். வாரக்கணக்காகியும் மல்லிகாவுக்கு "வந்தாச்சு" கிடைக்கவில்லை.

கடந்த திங்கட்கிழமை பசியாறும் மணி அடித்தபோது மல்லிகா குழாயடியில் தண்ணீர் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தாயார் பொன்னம்மா கசங்கிய கெபாயாச் சட்டையோடு பள்ளிக்கு ஓடி வந்தார். இரவு முழுதும் தேடியதாகவும், பிள்ளை பள்ளிக்குப் புறப்பட்டுப் போனவள்தான் என்றும் மலாயில் அழுதார். "அனாக் சாயா மானா, சிக்கு?", என் பிள்ளை எங்கே டீச்சர், என்று எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கேட்டார். பிள்ளை திங்கட்கிழமை வரவே இல்லை என்று திரு. ராஜரத்தினம் சொன்னார். தலைமையாசிரியர் வகுப்புக்குள் போய்க் கேட்டார். நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று ஒரே குரலில் "வரவில்லை, சார்" என்றார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். இத்தனை பிள்ளைகள் சொல்வது பொய், நீங்கள் ஒருவர் சொல்வது மட்டும் மெய்யா என்று தலைமையாசிரியர் கேட்டார். போலீஸும் அதையே நம்பி ஆற்றங்கரையிலும் உஜோங் பாசிர் கடலோரத்திலும் தேடப் போனது. திரு. ராஜரத்தினம் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. மல்லிகாவின் பெஞ்சுப் பக்கம் அவர் பார்வை போய் எத்தனையோ நாளாயிற்று. அவள் வந்தாளா வரவில்லையா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நேற்று புதன்கிழமை போலீஸ் சார்ஜன் திரு. ராஜரத்தினத்தை விசாரிக்க அலுவலக அறைக்கு அழைத்துப் போனதால் இரண்டு வகுப்பையும் நான் பார்த்துக்கொண்டேன். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. அவர் மேசை முன்னால் நின்று, அவர் கூப்பிடுவதைப் போலவே பெயர் கூப்பிட்டேன். மல்லிகா என்றதும் "வரவில்லை" என்றார்கள். நான் உரக்க, "மல்லிகா வந்தாச்சு" என்றேன். பிள்ளைகள் கதவைப் பார்த்தார்கள், சார் வருகிறாரோ என்று. மறுபடியும் சொன்னேன். ஜெயா எழுந்து நின்றாள்.

"கொட்டகைக்குள்ள இருக்கா, டீச்சர்" என்றாள். "நேத்து தட்டிக்கிட்டே இருந்தா. இன்னிக்குத் தட்டலே."

சாரிடம் சொன்னாயா என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமையே எழுந்து மல்லிகா என்று ஆரம்பித்ததாகவும், யார் அது என்று சார் கேட்டதாகவும், அதனால் உட்கார்ந்துவிட்டதாகவும் சொன்னாள். மற்றவர்களும் தட்டும் சத்தம் கேட்டது என்று தலையாட்டினார்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. என் வகுப்பு இரைச்சலில் எனக்குத்தான் கேட்கவில்லை.

அந்தக் கொட்டகை நான்காம் வகுப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஊர்வலத்துக்குக் கட்டிய மூங்கில் வளைவுகளையும் உடைந்த மேசைகளையும் அதில் போட்டு வைத்திருக்கிறோம். மற்றப் பிள்ளைகளோடு உட்காரக் கூடாது என்பதால் மல்லிகா அங்கே போய்ப் பசியாறுவாளாம். திங்கட்கிழமை பியூன் உள்ளே எட்டிப் பார்க்காமல் வெளிக்கட்டையைப் போட்டிருக்கிறார். நான் ஓடிப்போய்க் கட்டையைத் தூக்கினேன். உள்ளே அனல் அடித்தது. மூங்கிலுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. இரண்டு கையும் முட்டியில் தோலுரிந்திருந்தது. மூச்சு இருந்தது.

அதன் பிறகு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்று காலை சில தகப்பன்மார் இந்த நிலையத்துக்கு வந்து, கதவைப் பூட்டியது பியூன்தான், நல்ல வாத்தியாரை அலைக்கழிக்காதீர்கள் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பூட்டியது பியூன்தான். அதை நான் மறுக்கவில்லை.

இரண்டு இரவு அடைபட்டுக் கிடந்த பிள்ளை ஏன் கத்தவில்லை, வாய்விட்டு ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் ரோட்டில் போகிறவர்களுக்காவது கேட்டிருக்குமே என்று கார்ப்பரல் என்னைக் கேட்டார். நானும் நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அதைத்தான் கேட்டேன். பொன்னம்மா கரண்டியால் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தார். மல்லிகா முதலில் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைக் குனியச் சொல்லிக் காதோடு சொன்னாள்.

"சார் இன்னும் நான் வந்தாச்சுன்னு சொல்லலியே, டீச்சர்."

எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான். ஒரு வரியையும் எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

(ஒப்பம்) க. கமலவேணி