ரயில்வே மாமா அடித்த வரி

"காது ரெண்டு இருக்கிற மாதிரி கேசட்டுக்கும் பக்கம் ரெண்டுடி!" ஹைதராபாத்தின் நாச்சாரம் பஸ்ஸில், வேலை முடிந்து திரும்பிய இரண்டு பெண்களில் ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள். பின்சீட்டில் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்னடி ஸ்டெல்லா, புதுப் பழமொழி?"

"கேசட் கடையில அபிப்பிராயம் எழுத ஒரு நோட்டு தொங்குதுல்ல? புதுப் பாட்டு கேசட்டை வாங்குங்கன்னு நான் எழுதினேன். நம்ம தெரு ரயில்வே மாமா அதுக்குக் கீழயே, 'ஒரு பாட்டும் தேறாது, இந்தம்மாவுக்கு ரசனையே இல்லை'ன்னு எழுதிட்டார். கடையே சிரிச்சுது."

"கைக்கு, எதுக்காம்? அவ்ளோ திமிரா?"

"கடையில ஏ பக்கம் மட்டும்தான் ஓடும். எல்லாரும் அதைக் கேட்டே எழுதறாங்க. நான் வீட்டுல திருப்பிப் போட்டுக் கேட்டவ. நேத்து மாமா நிக்கிறப்போ பி பக்கத்தைப் போடச் சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"மூணு பாட்டு முடியற வரைக்கும் அசையல. அப்புறம் தன் வரியை அடிச்சுட்டு, 'ஸ்டெல்லா அம்மா எழுதினதே சரி'ன்னு கையெழுத்துப் போட்டார்!"

"ஷபாஷ்டி!"

ஸ்டெல்லா பையிலிருந்து பிரிக்காத கேசட் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"நேத்து வந்த சரக்கு. நான் கேட்டு எழுதற வரைக்கும் கடைக்காரர் யாருக்கும் விக்க மாட்டாராம்."