அக்கா கேட்ட அரை விநாடி

அவைத்தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் அரிகிருஷ்ணன் ஐயா அவர்களே, அனகாபுத்தூரின் அருமைப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஆர்வத்தோடு வந்திருக்கும் அன்னையர்களே, கேட்ட கணமே கை நீட்டிக் குருதி தரும் கொடை நெஞ்சங்களே, ஐந்தாண்டு இக்குருதிக்கொடை மன்றத்தின் தொலைபேசிக் குரலாக இருந்து, இந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு விழாவுக்கு அழைத்தும் வராத ஜஹீரா அக்கா அவர்களே, அனைவருக்கும் பிரிட்டோவின் பணிவான வணக்கம்.

அழைப்பிதழில் என்னைப் பற்றி என்ன அச்சடித்திருக்கிறீர்கள்? 'மன்றத்தின் இணையதளத்தில் பெயர்கள் மெல்ல நகரும் எழில்மிகு பட்டியலைப் படைத்த கணினிக் கலைஞர்.' கைதட்டாதீர்கள். அந்தப் பெயர்கள் எழிலுக்காக நகரவில்லை ஐயா. ஏன் நகர்கின்றன என்று சொல்லாமல் இந்தப் பொன்னாடையைத் தோளில் வாங்க என்னால் முடியாது.

இரத்தம் வேண்டுவோர் பெயர்கள் அந்தப் பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். கொடையாளர் கிடைத்ததும் 'முடிந்தது' என்று அழுத்தினால் பெயர் மறையும். கீழே உள்ளவை மேலே ஏறும். இங்கே ஜஹீரா அக்காவும், கீழ்க்கட்டளையில் தபீதாள் அம்மாவும், இரண்டு கணினிகளில் ஒரே பட்டியலைப் பார்த்து வேலை செய்தார்கள். சென்ற ஆண்டு அக்கா சொன்னார்: "தம்பி, நான் போன்ல பேசிக்கினு இருக்கும்போதே லிஸ்ட் டபக்குனு மாறுது. எது போச்சு, எது வந்துச்சுன்னே தெரியல. கொஞ்சம் மெதுவா நகர்ற மாதிரி செய்யேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் சும்மா ஷோ அக்கா. வேகம்தான் முக்கியம்."

முன்வரிசையில் ஓர் ஐயா, "மாறுனா இன்னாபா இப்போ?" என்கிறார். நல்ல கேள்வி. தாம்பரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் வரிசையில் நிற்கிறீர்கள். முன்னால் ஒருவர் விலகினால் எல்லோரும் ஓரடி நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது. கண் இமைப்பதற்குள் வரிசையே மாறி நின்றால், யார் பின்னால் நின்றோம் என்று யாருக்குத் தெரியும்?

அக்காவுக்கு ஒரு வழக்கம். காதில் போன் இருக்கும். இடக்கை விரல், யாருக்காகப் பேசுகிறாரோ அவர் பெயர்மேல், திரையிலேயே இருக்கும். நான் மறுத்த சில நாளில், ஒருநாள் அந்த விரல் மூன்றாவது பெயரில் இருந்தது. கொடையாளர் சம்மதித்தார். அதே கணத்தில் தபீதாள் அம்மா அங்கே முதல் பெயரை முடித்தார். இங்கே பட்டியல் தாவியது. விரல் அசையவில்லை; விரலுக்குக் கீழே பெயர் மாறிவிட்டது. விரலை நம்பி அக்கா வலக்கையால் 'முடிந்தது' என்று அழுத்தினார். மறைந்தது, நான்காவதாக நின்ற, இன்னும் கொடையாளரே கிடைக்காத படப்பை கங்கம்மாவின் பெயர்.

கங்கம்மாவின் கணவர் முனிரத்தினம் கொடையாளரை எதிர்பார்த்து மருத்துவமனை வாசலில் ஏழு மணி நேரம் நின்றார். வந்த ஒவ்வொரு வண்டியையும் எட்டி எட்டிப் பார்த்தார். அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. கங்கம்மா பிழைத்தது மருத்துவர்களின் திறமை. என் திறமை அல்ல.

மன்றம் கூடிக் காரணம் கேட்டது. "நான்தான் சரியா பாக்கல" என்று அழுதார் அக்கா. என்னைக் கேட்டார்கள். "சாஃப்ட்வேர்ல தப்பு இல்ல" என்றேன். அக்கா மன்ற அறையின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவரைப் போலவே திரையில் விரல் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. அன்றே மாற்றினேன். இப்போது முடிந்த பெயர் மெல்ல மங்கும். மற்றவை நம் கண்முன்னே மேலேறும். அதற்கு ஆகும் நேரம் அரை விநாடி. அந்த அரை விநாடியைத் தர மறுத்தவன் நான். தந்த பிறகும் ஏன் தந்தேன் என்று வாய் திறவாதவன் நான். ஓராண்டாக அவர் பழியைச் சுமக்க, பாராட்டைச் சுமந்தவன் நான்.

"விடுப்பா, முடிஞ்சு போச்சு" என்று யாரோ சொல்கிறீர்கள். யாருக்கு முடிந்தது ஐயா? வெட்கமாக இருக்கிறது எனக்கு.

தலைவர் அவர்களே, தவறு பிரிட்டோவுடையது என்று மன்றக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இன்று காலை அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கதவருகே நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: "இப்ப மெதுவா நகருதா தம்பி?"

நகர்கிறது என்றேன். தலையசைத்தார். விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

பொன்னாடை மேசைமீதே இருக்கட்டும். குறுக்கிடாமல் கேட்டவர்களுக்கும், குறுக்கிட்டுக் கேட்டவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.