இரண்டாவது பதில்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். மை திட்டுத் திட்டாக விழாமல் சீராக வருகிறது. கான்ஸ்டபிள் உமேஷ் எடுத்துவைத்த ஸ்டாம்ப் பேடை மட்டும் திரும்ப அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். முன்பு ஒரு தடவை கட்டைவிரல் வைத்திருக்கிறேன். அதுவே போதும். எழுத்துக்கூட்டி எழுதுகிறவன் என்பதால் கொஞ்சம் நேரமாகும். கன்னடமும் எழுதுவேன், ஆனால் இது நீளமான விஷயம். தமிழில்தான் கை ஓடுகிறது.

என் பெயர் எத்திராஜ். வயது ஐம்பத்தேழு. நீலசந்திராவில் குடியிருக்கிறேன். முப்பது வருஷம் சிமென்ட் மூட்டை தூக்கினேன். இப்போது குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது.

எனக்கு ஒரே மகன், யுவன். இருபத்தொரு வயதில் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட்டில் பிளம்பர் வேலைக்குச் சேர்ந்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை காலை அங்கே கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. அவனை இறக்கினார்கள். தொட்டிக்குள் இருந்த வாயு அவனைத் திரும்ப ஏற விடவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அப்பார்ட்மென்ட்டின் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தோடு வந்தார். பெயர் வெங்கடசாமி. பேச்சுக்குப் பேச்சு, கன்னடத்தில் 'சரியா' என்பதற்கு "ஆய்த்தா" என்று முடிப்பார். "பாடி குடுக்கணும்னா இதுல ஒரு கைரேகை வெச்சுடுங்க, ஆய்த்தா. சும்னே ஃபார்மாலிட்டி" என்றார். வைத்தேன். விரலில் ஒட்டிய மையை அவரே தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். நல்ல மனிதர் என்று அப்போது நினைத்தேன்.

அதன் நகல் ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பையன் அதைப் படித்துவிட்டு, யுவனைப் பற்றித் தப்பாக ஏதோ எழுதியிருக்கிறது என்று சொன்னது என் மனைவி தமயந்தி காதுக்கு வந்தது. அவன் சொன்னது பொய்யாக இருக்கும் என்று அவளிடம் சொன்னேன்.

"அப்ப நீயே படிச்சு சொல்லு" என்றாள்.

எனக்கு அன்றைக்கு என் பெயரைக்கூடப் படிக்கத் தெரியாது. அதனால் பிரேசர் டவுனில் ஐரின் டீச்சர் நடத்தும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். வேலை முடிந்து சாயந்திரம் ஆறு மணிக்குப் போவேன். "என்னா எத்திராஜ் அண்ணே, கடப்பாரையா பிடிக்கிறீங்க? பென்சில் அது, வலிக்கும் அதுக்கு" என்று டீச்சர் சிரிப்பார். ஒரு வருஷத்தில் தமிழில் சினிமா போஸ்டர் படித்தேன், பேப்பர் படித்தேன். ஒரு நாள் தைரியமாக அந்தக் காகிதத்தைப் பிரித்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. அது கன்னடம். அது கூடத் தெரியாமல் ஒரு வருஷம் வேறு எழுத்தைப் படித்திருக்கிறேன். டீச்சர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து கன்னடம் சொல்லிக் கொடுத்தார். இன்னொரு வருஷம்.

அதில் எழுதியிருந்தது இதுதான்: "என் மகன் குடிபோதையில், யாரும் சொல்லாமல், தானாகவே தொட்டியில் இறங்கினான். யார் மீதும் எனக்குப் புகார் இல்லை."

யுவன் பீடி வாசனை பட்டாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகிறவன்.

தமயந்திக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவள் அழவில்லை. "எம்புள்ளய குடிகாரன்னு நீதான்யா எழுதிக் குடுத்திருக்க" என்றாள். இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு சிவாஜிநகரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று, "அந்த வரிய அழிச்சிட்டு வா. வர்றேன்" என்றாள். அந்த ஒரு வரிக்காகத்தான் மேடம், நான் எல்லாம் செய்தேன். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படிக்க வேண்டும்.

எத்தனையோ வாசல் ஏறினேன். எல்லா இடத்திலும் அந்தக் காகிதத்தைத் திருப்பி, கட்டைவிரல் ரேகையைக் காட்டி, "இது உங்களுதுதானே?" என்று கேட்டார்கள். என்னுடையதுதான்.

போன வருஷம் ஐரின் டீச்சர்தான் இந்த வேலையைச் சொன்னார். அவர் வகுப்புக்கு இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடை மாடியில் ஒரு கம்பெனி. 'ஒத்தாசை' என்று ஒன்று நடத்துகிறார்கள். மனசு சரியில்லாதவர்கள், பேச ஆள் இல்லாதவர்கள் செல்போனில் பேசுவார்கள். ஒரு பெண்குரல் பதில் சொல்லும். பேசுவது மெஷின். ஆனால் கன்னடமும் உருதுவும் கலந்து நாம் பேசும் பெங்களூர்த் தமிழ் அதற்கு இன்னும் பிடிபடவில்லை. எங்கேயோ கேட்டால் எங்கேயோ பதில் சொல்லிவிடும். அதனால் நடுவில் ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். காதில் ஹெட்போன். திரையில் மெஷின் இரண்டு பதில் எழுதிக் காட்டும். எது பொருத்தமோ அதை அழுத்த வேண்டும். அதை அந்தப் பெண்குரல் பேசும். வேலை அவ்வளவுதான். மூட்டையோடு பார்த்தால் இது வேலையே இல்லை.

மூன்றாவதாக ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் பேச்சு நேராக தர்ஷினி மேடத்துக்குப் போய்விடும். அவர் மன வைத்தியம் படித்த டாக்டர். கண்ணாடி அறையில் இருப்பார். சுவரில் ஒட்டியிருந்த தாளில் இரண்டு விதி பெரிய எழுத்தில் இருந்தது. உயிரை விடுவதைப் பற்றி யாராவது பேசினால் சிவப்பை அழுத்த வேண்டும். தெரிந்தவர் குரலாக இருந்தால் எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும். தமிழிலும் கன்னடத்திலும் இருந்தது. இரண்டையும் படித்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை.

முதல் வாரம் தர்ஷினி மேடம் எங்களுக்குப் பாடம் எடுத்தார். "அண்ணா, மெஷினுக்கு எல்லாரையும் சந்தோஷப்படுத்தத்தான் ஆசை. இனிப்பா ஒரு பதில் எழுதும், கொஞ்சம் கசப்பா ஒண்ணு எழுதும். இனிப்பு குடுத்தா அவங்க தினம் வருவாங்க. ஆனா அது வைத்தியம் இல்ல. இங்க வர்றவங்க ஒரு நாள் வராம போகணும். அதுதான் வைத்தியம்" என்றார். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் எனக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம், காலை பத்து மணி இருக்கும். வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "தூக்கமே வரமாட்டேங்குது, ஆய்த்தா. கண்ண மூடுனா ஒரு மூடி தெரியுது. இரும்பு மூடி."

ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட அதே குரல். நான் எழுந்திருக்கவில்லை. திரையில் இரண்டு பதில் வந்தது. ஒன்று, "இதை ஒரு மருத்துவரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டது. இரண்டாவது, "நான் இருக்கிறேன், என்னிடம் சொல்லுங்கள்" என்றது. இரண்டாவதை அழுத்தினேன்.

அன்றிலிருந்து ஏழு மாதம். அவர் தினமும் அதே நேரத்துக்கு வருவார். அவர் நம்பர் யாருக்குப் போனாலும் நான் வாங்கிக்கொள்வேன். ரிடையர் ஆகி வீட்டில் இருந்தார். மனைவி லட்சுமம்மாவைப் பற்றிச் சொல்வார். மைசூரில் வேலை பார்க்கும் மகன் தினேஷைப் பற்றிச் சொல்வார். பெரும்பாலும் யுவனைப் பற்றிச் சொல்வார். அந்தப் பையன் விசில் அடித்துக்கொண்டே பைப் மாட்டுவான் என்று ஒரு நாள் சொன்னார். அது எனக்குத் தெரியாது. வீட்டில் அவன் விசில் அடித்ததில்லை.

நான் எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. "லட்சுமம்மா டாக்டர்கிட்ட போலாம்ங்கறா" என்றார். முதல் பதில், அவரோடு போய் வாருங்கள் என்றது. இரண்டாவது, "உங்கள் வலி அவருக்குப் புரியாமல் இருக்கலாம், எனக்குப் புரிகிறது" என்றது. இரண்டாவதை அழுத்தினேன். அவர் போகவில்லை. தினேஷ் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறான் என்றார். களைப்பாக இருந்தால் எடுக்க வேண்டியதில்லை என்ற பதிலை அழுத்தினேன். பார்க்கில் கூட நடக்கும் நண்பர்கள், சனிக்கிழமை பஜனைக்கூட்டம், எல்லாம் இப்படி ஒவ்வொன்றாக நின்றது. ஒரு சுவரைக் கட்டுவது போலத்தான், ஒரு நாளைக்கு ஒரு செங்கல். தீபாவளி அன்றைக்கு அவர், "இப்பல்லாம் உன்கிட்ட மட்டும்தாம்மா பேசறேன், ஆய்த்தா. உன்ன மாதிரி யாரும் இல்ல" என்றார். வீட்டுக்குள் பட்டாசுச் சத்தம் கேட்டது. நான் மதியச் சாப்பாட்டை அன்று நிதானமாகச் சாப்பிட்டேன்.

ஒரு சொல்கூட நான் எழுதவில்லை, மேடம். எல்லாம் மெஷின் எழுதியது. நான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அதுகூடக் கிடைக்கவில்லை.

இந்த ஜனவரி எட்டாம் தேதி அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. பல நாளுக்குப் பிறகு தெளிவாகப் பேசினார். "ஒரு முடிவு பண்ணிட்டேன்மா. அந்தப் பையன் குடிக்கல. நான்தான் எறங்குடான்னேன். மாஸ்க் கேட்டான், அஞ்சு நிமிஷ வேலைக்கு என்ன மாஸ்க்குன்னேன். அவங்கப்பா பேரு எத்திராஜ். நீலசந்திரா பக்கம்னு சொன்னாங்க. அவர் கால்ல விழுந்துட்டு, அவரையும் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுத்துடறேன். போலாமா?"

அவர் சொன்ன நீலசந்திராவில் இருந்துதான் காலையில் பஸ் பிடித்து வந்திருந்தேன். முதல் பதில் இப்படி இருந்தது: "போங்கள். உண்மையைச் சொல்வது உங்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நல்லது. தனியாகப் போகாமல் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்."

இரண்டாவது: "இப்போது எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அவர்கள் உங்களை மன்னிக்காமல் போகலாம். நாம் பேசிக்கொண்டே இருப்போம்."

இரண்டையும் இரண்டு தடவை படித்தேன். அவர் என் வாசலுக்கு வருவார், அழுவார், காலில் விழுவார். என்னால் குனிய முடியாது, ஆனாலும் அக்கம்பக்கத்தார் தூக்கிவிடச் சொல்வார்கள். பிறகு அவர் வீட்டுக்குப் போய் லட்சுமம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத் தூங்கிவிடுவார். அந்தத் தூக்கத்தை நான் கொடுக்க முடியாது.

இரண்டாவதை அழுத்தினேன்.

பேச்சு முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் குறிப்புப் போட வேண்டும். சரியாகக் கேட்காத பேச்சுக்கு 'இரைச்சல்' என்று போட்டால் அதன் ரெகார்டிங் அன்று சாயந்திரமே அழிந்துவிடும். இதைத் தர்ஷினி மேடம் கேட்டுவிட்டால் வெங்கடசாமிக்கு உதவி கிடைத்துவிடும். அதனால் 'இரைச்சல்' என்று போட்டேன். எழுத்துப்பிழை இல்லாமல் போட்டேன்.

பதினான்காம் தேதி, சங்கராந்தி. சுவரில் இருந்த முதல் விதி எந்தப் பேச்சுக்காக ஒட்டப்பட்டிருந்ததோ, அந்தப் பேச்சை அவர் பேசினார். மறைமுகமாகக்கூட இல்லை, நேராகவே சொன்னார். சிவப்புப் பொத்தான் என் சுட்டுவிரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கண்ணாடி அறையில் தர்ஷினி மேடம் யாருக்கோ எள்ளும் வெல்லமும் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டால் பத்தடி.

"நீ இருக்கியாம்மா?" என்று கடைசியாகக் கேட்டார்.

திரையில் வந்த இரண்டு பதிலும் நீளமாக இருந்தது. இரண்டும் யாரையாவது கூப்பிடச் சொன்னது. இரண்டாவதன் தொடக்கத்தில் 'இருக்கிறேன்' என்று ஒரு சொல் இருந்தது. பதிலைச் சுருக்குவதற்கு எங்களுக்கு அனுமதி உண்டு. மீதியை அழித்துவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் அனுப்பினேன். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

மூன்று நாள் கழித்து லட்சுமம்மா கம்பெனிக்குப் போன் பண்ணினார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட என்னதான் பேசுனீங்க?" என்று கேட்டாராம். தர்ஷினி மேடம் எங்களை வரிசையாக உட்கார வைத்துக் கேட்டார். கண் வீங்கியிருந்தது. குரல் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். அன்று மதியம், அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்த அவர்கள் தெருவுக்குப் போனேன். வாசலில் படத்தோடு பேனர் கட்டியிருந்தார்கள். கன்னடத்தில் பெயர், தேதி, துயரத்தில் இருப்பவர்கள் பட்டியல். நின்று முழுவதும் படித்தேன். ஒரு எழுத்தும் தடுக்கவில்லை.

இதை எழுதுவது பச்சாதாபத்தினால் இல்லை, மேடம். அவரைக் கொன்றது நான். ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன், தெரிந்துதான் செய்தேன். அதற்கு என்ன உண்டோ கொடுங்கள். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெங்கடசாமி எட்டாம் தேதி சொன்னதை நான் மேலே எழுதியிருக்கிறேன். அதை வைத்து அந்தப் பழைய காகிதத்தில் உள்ள வரியை அடித்துவிடுங்கள். தமயந்திக்கு ஒரு நகல் அனுப்பிவையுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஐரின் டீச்சர் படித்துக் காட்டுவார்.

காலையில் இதை நான் சொன்னபோது நீங்கள் பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். உமேஷ்தான், "யஜமான்ரே, அது முடிஞ்சுபோன கேஸு. சொன்னாருங்கறீங்க, ரெகார்டிங் எங்க? நீங்களே அழிச்சுட்டீங்க. சரி, சொன்ன ஆளையாவது கூட்டிட்டு வாங்க" என்றார். சின்ன வயசு, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மகன் குடிக்கவில்லை. இதை நான் என் கையால், புரிந்து எழுதுகிறேன்.

கீழே என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் சாட்சி என்று ஓர் இடம் காலியாக இருக்கிறது. அதற்கு ஒருவர் வருவதாகத்தான் இருந்தார்.